கத்திரிப்பூ நிறத்தில் டயர்

என் வலது மணிக்கட்டுக்குள் ஒரு தகடும் சில திருகாணிகளும் இருக்கின்றன. அந்தக் கையால்தான் இதை எழுதுகிறேன். எழுதும்போதே எனக்குப் பெருமையாக இருக்கிறது. இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் முதலில் ஒரு மணிக்கட்டை உடைத்துக்கொண்டு வரட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம்.

உடைந்த கதை சின்னது. சேத்துப்பட்டில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம் முடிந்து ஆரணிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். என் கணவர் வண்டி ஓட்டினார், நான் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தேன். குறுக்கே ஒரு நாய் வந்தது. அவர் நாயைக் காப்பாற்றிவிட்டார். நான் வலது கையை ஊன்றிக்கொண்டு தார் ரோட்டில் விழுந்தேன். நாய் நின்று என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அதன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது. இன்றைக்கும் சாலையில் நாயைக் கண்டால் நான் முறைப்பது அவரைத்தான்.

வேலூரில் ஆபரேஷன் செய்தார்கள். கட்டுப் பிரித்த அன்று எலும்பு நன்றாகக் கூடிவிட்டதாக அங்கிருந்த பெரிய டாக்டர் சொன்னார். கூடியது எலும்பு மட்டும்தான். கட்டைவிரல் மரத்துப்போய், எதற்கும் வளையாமல் விறைத்துக்கொண்டு நின்றது. சாதம் பிசைய முடியவில்லை. ரவிக்கைக்குக் கொக்கி மாட்ட முடியவில்லை. ஸ்பூனில் ரசம் சாதம் சாப்பிடுவது என்ன பிழைப்பு என்று தினமும் தட்டைப் பார்த்து எரிச்சலாக வரும்.

அதைவிடப் பெரிய கவலை தறியில் நின்றது. நான் பட்டு நெய்கிறவள். எங்கள் வீட்டில் தறியில் உட்காருவது நான். பக்கத்தில் உட்கார்ந்து, கரைக்கான நூலைக் குறுக்கே கொண்டுபோகும் நாடாவைப் போடுவது என் கணவர். புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால், இரண்டு நிறமும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் இடத்துக்கு இரண்டாவது ஆள் வேண்டும். அதைத்தான் கோர்வை என்கிறோம். தெருவுக்கு வெளியே எல்லோரும் அவரைத்தான் நெசவாளி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவரும் மறுத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

நான் விழுந்தபோது தறியில் ஒரு முகூர்த்தப் புடவை பாதி நெய்தபடி இருந்தது. அரக்கு உடல், மயில்கழுத்துக் கரை. ஆவணியில் கல்யாணம். பாதிப் புடவையை வேறு ஒருவரிடம் கொடுத்து முடிக்கலாமே என்று கேட்பீர்கள். முடிக்கலாம். ஆனால் ஒவ்வொரு நெசவாளியின் அடியும் வேறு. ஒவ்வொரு ஊடை இழையும் குறுக்கே ஓடிய பிறகு பலகையை இழுத்து அதை நெருக்குகிறோமே, அந்த அடியில் ஒருவர் அழுத்தம், ஒருவர் இளக்கம். கை மாறிய இடத்தில் புடவையின் குறுக்கே ஒரு கோடு விழும். வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணுக்குத் தெரியும், இருட்டில் தடவினால் விரலுக்குத் தெரியும். கோடு விழுந்த புடவையை யாரும் மணவறைக்கு அனுப்ப மாட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. என் தறிக் குழியில் வேறு ஒருவர் காலை விட்டு உட்காருவதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

பட்டும் ஜரிகையும் கொடுத்து எங்களுக்கு வேலை தருபவரை முதலாளி என்போம். நல்ல மனிதர். ஆஸ்பத்திரிக்கே ஹார்லிக்ஸ் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தவர். ஆனி மாதக் கடைசியில் வீட்டுக்கு வந்து, தறியைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார், ஒரு பெருமூச்சு விட்டார்.

"பொண்ணு வூட்ல டெய்லி போன் பண்ணி பேஜார் பண்றாங்கம்மா. ஆடிக் கிருத்திகை வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள கை வந்துட்டா நீயே நெய்யி. வரலன்னா வேற ஆளை உக்கார வெக்கறதத் தவிர எனக்கு வழி கெடையாது. நீ தப்பா நெனச்சுக்காத."

நான் தப்பாக நினைக்கவில்லை. அவர் போன பிறகு கதவை மட்டும் கொஞ்சம் வேகமாகச் சாத்தினேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மருந்துக் கடைக்கு மேலே பிசியோதெரபி கிளினிக் இருக்கிறது. அதை நடத்துவது கலசப்பாக்கத்துப் பெண். தினமும் பஸ்ஸில் வந்து போகும். நோயாளிகள் டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம். சிரித்த முகம், இரும்புப் பிடி. என் விரலைப் பிடித்து வளைத்துக்கொண்டே, கலசப்பாக்கத்தில் மழை பெய்ததா இல்லையா என்று சாவகாசமாகப் பேசும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, மழை எங்கே பெய்தால் எனக்கென்ன என்று மனதுக்குள் திட்டிக்கொண்டிருப்பேன்.

ஸ்பாஞ்சு பிழியச் சொன்னது, களிமண் உருட்டச் சொன்னது, துணி மாட்டும் கிளிப்பை அமுக்கச் சொன்னது. எல்லாவற்றையும் செய்தேன், எதுவும் பிடிக்கவில்லை. பிழிந்த ஸ்பாஞ்சு பிழிந்தபடி உப்பிக்கொள்ளும். ஒரு வேலை செய்தால் முடிவில் ஏதாவது மிஞ்ச வேண்டாமா? இதை டாக்டரிடமே சொன்னேன். அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, மேசை டிராயரிலிருந்து நிறம் தீட்டும் படங்களை எடுத்துப் பரப்பியது.

"இதுல எது புடிக்குதோ எடுத்துக்கோங்க ஆன்ட்டி. கலர் பென்சில்ல பண்ணணும். முடிச்சா சுவத்துல மாட்டிக்கலாம்."

மயில். மாங்காய். கிளி. தாமரை. இரண்டு அன்னம் மூக்கோடு மூக்கு வைத்துக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இதெல்லாம் நான் பொழுதன்னிக்கும் நெய்யறதும்மா. கை ஒடஞ்ச நேரத்துலயும் மாங்காவா? வேற இன்னா கீது?"

அடியில் கிடந்த ஒரு பெரிய தாளை உருவிக் கொடுத்தது. அதுதான் மர லாரி.

நம் ஊர் லாரி இல்லை. தெள்ளார் பக்கமிருந்து சவுக்குக் கட்டை ஏற்றிக்கொண்டு வரும் லாரிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றுக்குத் தட்டை முகம். இது வெளிநாட்டு லாரி. முன்னால் நீள மூக்கு, இரண்டு பக்கமும் வானத்தைப் பார்க்கும் புகைக்குழாய்கள், போதும் போதும் என்கிற அளவுக்கு டயர்கள். முதுகில் மலை மாதிரி மரங்கள். ஒரு மரத்தைக் கட்டிப்பிடிக்க இரண்டு ஆள் வேண்டும் போலிருந்தது. லாரியைப் பின்பக்க மூலையிலிருந்து பார்த்து வரைந்திருந்தார்கள், அதனால் அறுபட்ட மரங்களின் வட்ட முகமெல்லாம் நம்மைப் பார்த்தன. ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் வளையம் வளையமாகக் கோடுகள். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும், சக்கரத்தின் ஒவ்வொரு போல்ட்டையும் விடாமல் வரைந்திருந்தார்கள். இதை வரைந்தவருக்குக் கல்யாணம் காட்சிக்குப் போகிற வேலையே கிடையாது போலும் என்று நினைத்தேன். பார்த்த உடனே பிடித்துப்போனது.

டாக்டர் முக்கியமாக ஏதோ சொன்னது. முழங்கை, வட்டம், உள்ளேயிருந்து வெளியே, என்றெல்லாம் சொன்னது நினைவிருக்கிறது. என் கவனம் எந்த மரத்துக்கு எந்த நிறம் என்பதில் போய்விட்டது.

வரும் வழியில் ஃபேன்சி ஸ்டோரில் கலர் பென்சில் பெட்டி வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் பெட்டியிலிருந்து கறுப்புப் பென்சிலை எடுத்து அடுப்படி அலமாரியில் போட்டேன். என் கணவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஏன் என்று கேட்கவில்லை. முகூர்த்தப் புடவை தறியில் ஏறியிருக்கும் வீட்டில் அந்த அறைக்குள் கறுப்பு நூல் வராது. எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நூலுக்கு உள்ளது பென்சிலுக்கும் உண்டு என்று எனக்குப் பட்டது, அவருக்கும் பட்டிருக்கிறது. டயர் என்ற ஒன்று இருப்பது எங்கள் இருவருக்குமே அப்போது ஞாபகம் வரவில்லை.

தறிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு, அதன்மேல் தாளை விரித்து உட்கார்ந்தேன். எல்லோரும் படத்துக்கு எப்படி நிறம் அடிப்பார்கள்? முதலில் லாரியின் முகம், பிறகு மரம், பிறகு சக்கரம், கடைசியில் வானம் என்று ஒவ்வொரு பொருளாக முடிப்பார்கள். எனக்கு அப்படி வரவே இல்லை. கை தானாகத் தாளின் அடி விளிம்புக்குப் போனது. இடது ஓரத்தில் ஆரம்பித்து, விரல் அகலத்துக்கு ஒரு வரி, வலது ஓரம் வரைக்கும். அந்த வரியில் ரோடு வந்தால் ரோட்டின் நிறம், டயர் வந்தால் டயரின் நிறம், மறுபடி ரோடு. ஒரு வரி முடிந்தால் அதற்கு மேல் அடுத்த வரி. புடவை அப்படித்தானே வளர்கிறது. கரையும் உடலும் புட்டாவும் ஒன்றாகத்தான் ஏறும். மாங்காயை மட்டும் முதலில் நெய்து முடித்துவிட்டுப் பிறகு சுற்றிலும் துணியை நெய்ய முடியுமா?

டயர் வந்ததும் பெட்டியைக் கிளறிப் பார்த்தேன். கறுப்பு இல்லை. இருந்ததில் ஆழமான நிறம் கத்திரிப்பூதான். அதையே போட்டேன். அடுத்த டயருக்கும் அதே, அதற்கு அடுத்ததற்கும் அதே. மரங்களுக்கு வெங்காயத்தோல் நிறம், லாரியின் உடம்புக்கு அரக்கு, ஓரப் பட்டைக்கு மாம்பழ மஞ்சள். பழக்கம் யாரை விட்டது.

நெய்த பகுதியைச் சுருட்டிக்கொண்டே போவதும் பழக்கம். முடிந்த வரிகள் கண்ணெதிரே கிடந்தால் எனக்கு வேலை ஓடாது. அடுப்படியிலிருந்து சப்பாத்திக் கட்டையை எடுத்து வந்து தாளின் அடி விளிம்பை அதில் ஒட்டி, முடிக்க முடிக்கச் சுருட்டினேன். என் கணவர் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றார்.

"இன்னாமே, லாரிய சப்பாத்தி சுடப் போறியா?"

"உங்களுக்கும் ஒண்ணு சுட்டுத் தரேன், டயரோட துன்னுங்க. இந்தப் பக்கத்து பென்சில சீவிக் கொடுங்க, ஜல்தி."

அன்றிலிருந்து அவர் வலது பக்கம் உட்கார்ந்து பென்சில் சீவிக் கொடுத்தார். வரி வலது பக்கம் நெருங்கும்போது அடுத்த நிறத்தை நீட்டுவார். கோர்வையில் அவர் வேலை அதுதான், இத்தனை வருஷப் பழக்கம். வாயைத் திறந்து நிறம் கேட்க வேண்டியதில்லை. எதிர்வீட்டுக்காரி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு பெரியவர்கள் உட்கார்ந்து லாரி நெய்கிறார்கள் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்தாள். சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

மேல் விளிம்பு வானத்தோடு படம் முடிந்தது. சப்பாத்திக் கட்டையோடு அப்படியே எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். கூடவே என் கணவரும் வந்தார். எனக்கிருந்த மிதப்பை மறைக்கவே இல்லை. டாக்டர் மேசையில் வைத்துப் புடவையை விரித்துக் காட்டும் கடைக்காரர் போல ஒரே உருட்டில் விரித்தேன்.

டாக்டர் எழுந்தே நின்றுவிட்டது. "ஆன்ட்டி, சூப்பரா இருக்குது. இந்த டயரு ஏன் கத்திரிப்பூ கலர்ல கீது?"

"கல்யாணப் பொடவை தறியில நிக்குதும்மா. அந்த எடத்துல கறுப்பு ஆவாது."

அது சிரித்தது. பிறகு தாளைக் கிட்டத்தில் எடுத்துப் பார்த்தது. சிரிப்பு மெல்லப் போய்விட்டது. மர முகங்களை விரலால் தொட்டது. வளையம் வளையமாக வரைந்திருந்த இடமெல்லாம் என் பென்சில் கோடுகள் படுக்கையாக, இடமிருந்து வலம் ஓடியிருந்தன.

"நான் உங்களுக்கு இந்தப் படத்தக் கொடுத்ததே இந்த வட்டத்துக்காகத்தான் ஆன்ட்டி. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து சுத்தணும். முழங்கை அசையவே கூடாதுன்னு சொன்னேனே. நீங்க பென்சில முஷ்டியில புடிச்சிகினு, முழங்கையால இழுத்துகினே வந்துட்டீங்க. எங்க, கட்டைவிரலால சுண்டுவிரலத் தொடுங்க."

தொட்டேன். தொட முயன்றேன். கட்டைவிரல் பாதி வழியில் நின்று நடுங்கியது. முதல் நாள் எங்கே நின்றதோ ஏறக்குறைய அங்கேயே.

எனக்கு அழுகை வந்தது, அதற்கு முன்னால் கோபம் வந்தது. அத்தனை நாள் உழைப்பும் முழங்கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. முழங்கை ஏற்கெனவே நன்றாகத்தான் இருந்தது, அதற்கு யார் வைத்தியம் கேட்டார்கள்? படத்தைக் கிழித்துப் போடக் கையை நீட்டினேன். கிழிக்கவும் கட்டைவிரல் வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. டாக்டர் மெதுவாக என் கையை எடுத்து மேசைமேல் வைத்தது. அந்தப் பெண் சொன்னது அவ்வளவும் சரி. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"கிருத்திகைக்கு இன்னும் எவ்ளோ நாள் கீது?" என்று என் கணவரைக் கேட்டேன். அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அவர் டாக்டரிடமிருந்த நிறம் தீட்டாத பிரதியை வாங்கிக்கொண்டு கீழே ஜெராக்ஸ் கடைக்குப் போய், அதே லாரியைப் பெரிய தாளில் எடுத்துக்கொண்டு வந்தார்.

இரண்டாவது லாரி முதல் லாரி மாதிரி இல்லை. முழங்கைக்குக் கீழே மடித்த டவல், அதன்மேல் என் கணவரின் உள்ளங்கை. முழங்கை அசைந்தால் அவர் ஒரு அமுக்கு அமுக்குவார். பென்சிலைப் பிடித்த இரண்டு விரல் மட்டும் சுழல வேண்டும். நடுப்புள்ளியில் ஆரம்பித்து, வளையத்துக்கு வெளியே வளையமாக, மரத்தின் பட்டை வரைக்கும் வர வேண்டும். முதல் மரத்தின் முதல் வளையத்திலேயே என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பட்டாணி அளவு வட்டம்தான். அதைச் சுற்றி வருவதற்குள் வியர்வையில் ரவிக்கை நனைந்துவிட்டது.

"இந்த லாரிய கண்டுபுடிச்சவன் வெளங்க மாட்டான்" என்றேன்.

"வண்டி இன்னா பண்ணுச்சு, பாவம்" என்றார் அவர்.

"நாய் இன்னா பண்ணுச்சு, பாவம். அதானே உங்க நெனப்பு."

அமுக்கியிருந்த கையை அவர் எடுக்கவில்லை. முதல் மரம் அசிங்கமாக வந்தது. வளையங்கள் கோணிக்கொண்டு ஒன்றின்மேல் ஒன்று ஏறின. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன். இனிமேல் எது என்னவானால் என்ன என்று சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். தறி அறையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் தறிச் சத்தம் கேட்கும், எங்கள் வீட்டில் மட்டும் இல்லை. அந்த அமைதிதான் என்னை எழுப்பி உட்கார வைத்தது. எழுந்து போய் மூன்றாவது மரத்தை முடித்தேன்.

எந்த மரத்தில் விரல் விழித்துக்கொண்டது என்று என்னால் குறிப்பாகச் சொல்ல முடியாது. ஒருநாள் வளையத்தின் நடுவில் பென்சில் தானாக உருண்டது. நான் உருட்டவில்லை என்றே தோன்றியது. கட்டைவிரலின் நுனியில் பென்சிலின் ஆறு பட்டையும் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டன. அதுவரை பென்சில் இருப்பது மட்டும்தான் தெரிந்தது, அதற்குப் பட்டை இருப்பது தெரியவில்லை. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவர் பயந்துபோய் முழங்கையை இன்னும் அமுக்கினார்.

அதன் பிறகு மரங்களை விடவில்லை. ஒரு மரத்துக்கு வெங்காயத்தோல், ஒன்றுக்குச் சந்தனம், ஒன்றுக்குக் காப்பிப் பொடி. ஆசை வந்து ஒரு மரத்துக்கு உள்வளையம் அரக்கு, வெளிவளையம் மயில்கழுத்து என்று தறியிலிருந்த புடவையின் நிறத்தையே போட்டேன். எல்லாவற்றிலும் நீளமான மரம் பின்னால் துருத்திக்கொண்டிருந்தது. நம் ஊரில் அப்படித் துருத்தினால் நுனியில் ஒரு சிவப்புத் துணி கட்டுவார்கள். வெளிநாட்டுக்காரர் மறந்துவிட்டார் போலிருக்கிறது, நானே ஒரு துணி வரைந்து கட்டிவிட்டேன். மரங்களை முடித்த பிறகு மற்ற இடங்களை என் வழக்கப்படி அடியிலிருந்து வரி வரியாக ஏற்றினேன். அதற்கு டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. நிறத்துக்கு நிறம் பென்சிலை மாற்றி மாற்றி எடுப்பதே விரலுக்கு நல்லதுதான் என்றது. டயர் மறுபடியும் கத்திரிப்பூதான். அதில் விட்டுக்கொடுக்கவில்லை.

கிருத்திகைக்கு இரண்டு நாள் முன்னதாகவே முதலாளி வந்துவிட்டார். தெருவில் மஞ்சள் சேலைகளும் காவடிகளும் நடமாட ஆரம்பித்திருந்தன. அவரோடு பக்கத்துத் தெரு நெசவாளி ஒருவரும் வந்தார். என்னைவிட வயதில் சின்னவர், நல்ல வேலைக்காரர். வாசலிலேயே என் முகத்தைப் பார்க்காமல் செருப்பைக் கழற்றினார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து வானத்துக்கு நிறம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாம்மா இது. பொடவை தறியில நிக்குது, நீ லாரிக்குக் கலர் அடிச்சிகினு கீற" என்றார் முதலாளி. குறையாகச் சொல்லவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் என் கணவர் தறிமேல் மூடியிருந்த பழைய வேட்டியை எடுத்தார். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் அந்த வேட்டியை நான் அதுவரை தூக்கிப் பார்க்கவே இல்லை, பார்க்க மனம் வரவில்லை. அப்போதுதான் பார்த்தேன். நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளை இளக்கிவிட்டிருந்தார். இழுத்துக் கட்டியபடி விட்டிருந்தால் இழைகள் நீண்டு புடவை வீணாகியிருக்கும். நான் ஆஸ்பத்திரியில் கிடந்த அன்றே இதைச் செய்திருக்கிறார். தூசி ஒரு துளி இல்லை. மனிதர் இத்தனை நாளில் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

வந்த நெசவாளி குனிந்து பாவைப் பார்த்தார். "முதலாளி, இழை அறுந்து கெடக்குது. இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, கரையிலயும் கீது. கோடையில வறண்டு போச்சு. மொதல்ல இதப் புணைக்கணும்" என்று சொல்லிவிட்டுக் குழியில் இறங்கக் காலை எடுத்தார்.

"நகருங்க தம்பி" என்றேன்.

சத்தமாகச் சொல்லவில்லை. அவர் காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார். நான் போய்க் குழியில் காலை இறக்கி உட்கார்ந்தேன். உட்காரும் பலகையின் வழவழப்பு தொடைக்குத் தெரிந்தது.

பட்டு இழை தலைமயிரைவிட மெல்லியது. அறுந்தால் ஒரு துண்டு இழை சேர்த்து, துளி சாம்பல் தொட்டு, இரண்டு நுனியையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்ட வேண்டும். உருட்டினால் இரண்டும் ஒன்றாகிவிடும். அழுத்தினால் அறுந்துவிடும், விட்டால் பிரிந்துவிடும். கைமுழுக்க இருக்கும் பலம் அங்கே எதற்கும் உதவாது.

முதல் இழையை எடுத்தேன். நழுவியது. மறுபடி எடுத்தேன், மறுபடி நழுவியது. தெருவில் ஏதோ காவடிக்கு மேளம் அடித்துக்கொண்டு போனார்கள். என் வலது முழங்கை தூக்கிக்கொண்டு நிற்பதை நான் கவனிக்கவில்லை. என் கணவர் கவனித்தார். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முழங்கையின்மேல் உள்ளங்கையை வைத்து ஒரு அமுக்கு அமுக்கினார்.

கை இறங்கியது. விரல் இரண்டும் மட்டும் மிஞ்சின. நடுப்புள்ளியில் ஆரம்பித்து வெளியே வருகிற அந்த வட்டத்தை இழைமேல் ஒருமுறை போட்டேன். இழை பிணைந்துவிட்டது. இழுத்துப் பார்த்தேன், நின்றது. அடுத்ததை எடுத்தேன். அதுவும் நின்றது. கரை இழையும் நின்றது.

"அக்கா கை வந்துடுச்சு முதலாளி. நான் கெளம்பறேன்" என்றார் அந்த நெசவாளி. அவர் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்து எனக்கு அவர்மேல் பிரியமே வந்துவிட்டது. என் அடிக்குமேல் தன் அடியைப் போட அவருக்கும் மனம் இல்லாமல்தான் வந்திருக்கிறார்.

பாவை மறுபடி இழுத்துக் கட்டினோம். கயிற்றை இழுத்தேன், நாடா ஓடியது. அவர் பக்கத்திலிருந்து கரை நாடா வந்து கோர்த்துக்கொண்டது. பலகையை இழுத்து அடித்தேன். எதிர்வீட்டுக்காரி அந்தச் சத்தம் கேட்டுக் கையில் கரண்டியோடு ஓடி வந்தாள். லாரி நெய்து முடித்தாயிற்றா என்று கேட்டாள். முடித்தாயிற்று என்றேன்.

ஆனால் சவால் இன்னும் பாக்கி இருந்தது, அது எனக்குத் தெரியும். கை மாறினால் மட்டும் கோடு விழும் என்பதில்லை. தறி நின்று கிளம்பிய இடத்திலும் கோடு விழும். அதுவும் இது பழைய கையா? தகடு வைத்த கை. உடைவதற்கு முன்னால் அடித்த அடியும் இப்போது அடிக்கும் அடியும் ஒன்றுதானா என்று எனக்கே சந்தேகம். தறியில் இறுகி நிற்கும்போது கோடு தெரியாது, பிறகு நெய்த பகுதி சுருண்டு போய்விடுவதால் திரும்பிப் பார்க்கவும் முடியாது. முந்தியை முடித்துப் புடவையைத் தறியிலிருந்து அறுக்கும் வரைக்கும் அந்தச் சந்தேகத்தை வயிற்றில் கட்டிக்கொண்டே நெய்தேன்.

அறுத்த அன்று முதலாளி வந்தார். டாக்டரும் கலசப்பாக்கம் பஸ்ஸைத் தவறவிட்டு வந்திருந்தது. புடவையை வாசல் வெளிச்சத்தில் நீளமாகப் பிடித்தோம். முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஓரம் ஓரமாகப் பார்த்தார். சாய்த்துப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் முழுவதும் தடவினார். ஒரு முறை போதாமல் திரும்பவும் ஆரம்பத்திலிருந்து வந்தார்.

"எங்கம்மா நிறுத்தன?" என்று கேட்டார்.

நான் சொல்லவில்லை. அவர் இன்னும் கொஞ்சம் தேடிவிட்டு, புடவையை மடித்து இரண்டு கையாலும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். டாக்டர் அந்த நேரத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. தறிக்கு நேர் எதிரில் லாரி மாட்டியிருந்தது. கத்திரிப்பூ டயரும், சிவப்புத் துணியும், அரக்கும் மயில்கழுத்துமாக ஒரு மரமும்.

"கறுப்புப் பென்சில் இன்னும் அலமாரியிலதான் கீதா ஆன்ட்டி?"

"அங்கயே கெடக்கட்டும்மா. அடுத்த பாவும் முகூர்த்தம்தான்."

முதலாளிக்குக் காபி போட என் கணவர் உள்ளே போனார். அந்த நேரத்தில் மடித்த புடவையை நான் ஒருமுறை மடியில் வாங்கிக்கொண்டேன். முதலாளியிடம் சொல்லவில்லையே தவிர, அந்த இடம் எனக்குத் தெரியாதா என்ன. கரையில் எந்த மாங்காய் நெய்துகொண்டிருந்தபோது சேத்துப்பட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்பினேன் என்று ஞாபகம் இருந்தது. அந்த மாங்காயைத் தேடி எடுத்து, கட்டைவிரலை வைத்து மெதுவாகத் தடவினேன். ஒவ்வொரு ஊடையும் விரலுக்குத் தெரிந்தது. ஜரிகை தெரிந்தது, கோர்வையின் மேடு தெரிந்தது. மேலே போனேன், கீழே வந்தேன், மறுபடி மேலே போனேன். நான் நின்ற இடம் மட்டும் எனக்கே கிடைக்கவில்லை.